அத்திப்பள்ளியில் நிற்காத வண்டி

மதுவிலக்கு வந்ததும் ஓசூர்க் குடிகாரர்களெல்லாம் திருந்திவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருந்தவில்லை, நடந்தார்கள். எல்லையைத் தாண்டினால் மதுவிலக்கு இல்லாத மைசூர் ராஜ்யம், அத்திப்பள்ளி, ரோட்டோரத்திலேயே கிருஷ்ணப்பனின் சாராயக்கடை. பெங்களூர் மார்க்கெட்டுக்குப் பூசணியும் உருளைக்கிழங்கும் ஏற்றிப்போகிற மாட்டு வண்டிக்காரர்களுக்கு அந்த நடைகூட மிச்சம். வண்டியே தானாகப் போய்க் கடை வாசலில் நிற்கும்.

தானாக என்றால் தானாகவேதான். மூக்கண்டப்பள்ளித் திம்மப்பன் தன் மாடுகளை அதட்டவே வேண்டாம். களியைத் தின்றுவிட்டு மூட்டைமேல் சாய்ந்து தூங்கினால், விழிக்கும்போது எதிரில் கடை. எசமானுக்கு ஏற்ற மாடு என்று ஊரே மெச்சியது.

ஒரு சித்திரை வெயிலில் அந்தப் பெருமை முடிந்தது. திம்மப்பன் நுகத்தை அவிழ்க்காமல் உள்ளே போய் உட்கார்ந்தான். குடித்தான், குடித்தான், பொழுது சாய்கிறவரை குடித்தான். வெளியே வந்தால் வலத்து மாடு நாக்குத் தள்ளிச் செத்துக் கிடந்தது. வீட்டில் மனைவி சென்னம்மாள் ஏசவில்லை. "நீ வயிறு முட்டக் குடிச்சியே, அதுக்கு ஒரு வாய் தண்ணி காட்டினியா?" என்று மட்டும் கேட்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

அன்றோடு விட்டான். விட்டான் என்று சொல்வது எனக்குச் சுலபம்! குடலைப் பிரட்டியது, உடம்பு உதறியது, சுவரெல்லாம் பூரான் ஊர்கிறது என்று கத்தினான். சென்னம்மாள் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டாள். தேறி எழுந்து, கடன் மாடு ஒன்றைச் சேர்த்து மறுபடி வண்டி கட்டினால், மிச்சமிருந்த பழைய மாடு கடை வாசலில் நின்று அவனைத் திரும்பிப் பார்க்கிறது! அதற்கு என்ன தெரியும், பாவம். திம்மப்பன் கீழே குதித்து, கயிற்றைப் பிடித்து, தலையைத் தொங்கப்போட்டபடி கடையைத் தாண்டும்வரை முன்னால் நடந்தான். நாளாக நாளாக மாடு கடையை மறந்துவிட்டது.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. வரிசையாகப் போகிற வண்டிகளில் பின்மாடு முன்வண்டியைப் பார்த்தே நடக்கும். அதை நம்பித்தான் பின்னால் வருகிறவர்கள் தூங்குவார்கள். திம்மப்பன் முன்வண்டியைப் பிடித்துக்கொண்டான். "நான் பாத்துக்கறேன், நீங்க தூங்குங்கடா" என்பான். கடையெல்லாம் தாண்டிச் சந்தாபுரத்தில் கண் விழித்த இளவட்டங்கள் அவனைத் திட்டாத திட்டில்லை. திட்டிக்கொண்டே கோவிந்தப்பன் தேறினான். இன்னும் இரண்டொரு பையன்களும் தேறினார்கள்.

தேறாதவன் பெருமாள். ருசி கண்ட பூனை. அத்திப்பள்ளி நெருங்கினால் எப்படியோ முழித்துக்கொண்டு வண்டியை ஒதுக்கிவிடுவான். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. அவன் மனைவி முனிலட்சுமி ஒருநாள் காலையில் திம்மப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, இந்த நடையும் அவரு குடிச்சிட்டு வந்தாருன்னா, நான் வேப்பனப்பள்ளிக்கு எங்கம்மா ஊட்டுக்கே போயிடறேன். வயித்துல ஒண்ணு இருக்குது. குடிகாரன் ஊட்டுல அதப் பெத்துக்க மாட்டேன்."

"அழுவாத தாயி. இந்த நடைய என்கிட்ட உடு" என்றான் திம்மப்பன்.

அன்றைக்குப் பெருமாளின் வண்டியைத் தனக்கு அடுத்து விட்டான். தன் வண்டியின் பின்னால் பச்சைச் சோளத்தட்டு ஒரு கட்டு தொங்கவிட்டான். பெருமாளின் மாடுகள் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அத்திப்பள்ளிக் கூரைகள் தெரிந்ததும் திம்மப்பன் வாலை முறுக்கினான். மாடுகள் பிடித்தன ஓட்டம்! சலங்கை அதிர, பூசணிக்காய் உருள, நாலு வண்டியும் எருதுவிடும் திருவிழா மாதிரி கடையைக் கடந்து பறந்தன. ரோட்டோர டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள்.

அந்தக் கூத்தில் பெருமாள் விழித்துவிட்டான். கயிற்றை இழுத்தான், மாடு சோளத்தட்டை விடுமா? "ஏய்! ஏய்!" என்று கத்தி, வண்டியை அம்போவென்று விட்டுக் குதித்து, கடையைப் பார்த்துத் திரும்பி ஓடினான்.

"கோவிந்தப்பா! முன்வண்டியில ஏறு! நிறுத்தாத!" என்று கூவிவிட்டுத் திம்மப்பனும் குதித்தான்.

குடியை விட்டதிலிருந்து அந்த வாசல்படியை அவன் மிதித்ததில்லை. உள்ளே கால் வைத்ததும் வாடை குப்பென்று அடித்தது. பெருமாள் கையில் அதற்குள் ஒரு கிளாஸ். "அடடே, பழைய கிராக்கி!" என்று கிருஷ்ணப்பன் வாய் நிறையச் சிரித்து, கேட்காமலே இன்னொரு கிளாஸை ஊற்றி வைத்தான்.

திம்மப்பன் பெருமாளைத் திட்டத்தான் வாயைத் திறந்தான். வாயெல்லாம் எச்சில். கண் பெருமாள் பக்கம் போகவில்லை, கிளாஸின் பக்கம் போனது. கையும் போனது. விரல் கிளாஸைத் தொட்டது. மாடு மறந்ததை மனுஷன் மறக்கவில்லை.

"பெருமாளு" என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. "என்னை வெளிய இழுத்துக்கினு போடா. என்னால முடியல."

பெருமாள் திகைத்தான். "என்னாண்ணா சொல்ற? நீயா?"

"சீக்கிரம் இழுடா! குடிச்சிடுவேன்டா!"

பெருமாள் தன் கிளாஸை அப்படியே பலகைமேல் வைத்தான். சாராயம் தளும்பி அவன் விரலெல்லாம் நனைந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை. திம்மப்பனின் மணிக்கட்டைப் பிடித்து, கிருஷ்ணப்பன் கத்தக் கத்த, தரதரவென்று வெயிலுக்கு இழுத்து வந்தான். வண்டிகள் தூரத்தில் புழுதியாகத் தெரிந்தன. இருவரும் ஓடினார்கள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் பிடித்து, பெருமாளின் வண்டியில் தொற்றி ஏறினார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் பெருமாளுக்குச் சந்தேகம் வந்தது.

"ஏண்ணா, என்னை வெளிய கொண்டாரத்துக்குத்தான அந்த நாடகம் போட்ட?"

திம்மப்பன் கையை நீட்டிக் காட்டினான். அது இன்னும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

பெருமாள் அந்தக் கையைத் தன் மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டான். "அடுத்த நடையும் நான் உன் பக்கத்துலயே வரேன்ணா" என்றான்.