ஆள் ஒன்று, பதினைந்து நிமிடம்

ஐந்து குளிர்காலம் நான் பனிமலைக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். அத்தனை நாளும் அந்த மலையை நான் கண்ணால் கண்டதில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மத்திய லண்டனில் ஒரு சின்னப் பயண நிறுவனம். பனிச்சறுக்கு விளையாடப் போகிற கூட்டங்களுக்கு, ஜெனீவா விமான நிலையத்திலிருந்து மலையிலுள்ள விடுதி வாசல்வரை தனி வண்டி ஒழுங்கு செய்வது என் வேலை. ஈஸ்ட் ஹாமில் ரயில் ஏறி, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்பி வருவேன். பதினாறு பேர் வருகிறார்கள், ஆகவே பதினாறு இருக்கை உள்ள வண்டி போதும் என்று நினைக்கிறவர் அந்த வேலைக்கு லாயக்கில்லை. ஆட்கள் மடங்கி உட்காருவார்கள். இரண்டு மீற்றர் நீளப் பனிச்சறுக்குப் பலகை மடங்காது. அந்தப் பலகை, அதற்கான சப்பாத்து, ஊன்றுகோல், ஆளுக்கொரு பெரிய பெட்டி, எல்லாவற்றையும் எண்ணித்தான் வண்டி பிடிக்க வேண்டும். முதலில் இறங்குகிறவரின் சாமான் கடைசியாக ஏற வேண்டும். எந்த வளைவில் பனியில் சறுக்காமல் சில்லுக்குச் சங்கிலி கட்ட வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளென்றால் எந்த இடத்தில் வாந்தி எடுப்பார்கள், எல்லாம் எனக்கு மனப்பாடம். சாரதிகளிடம் கேட்டுக் கேட்டே அந்தப் பாதையைப் படித்தேன்.

எங்கள் மனேஜரோ, ஒவ்வொரு ஜனவரியும் "பாதையைப் பார்வையிட" போவார், மனைவியையும் கூட்டிக்கொண்டு. வெயிலில் மூக்குத்தோல் உரிந்து திரும்பி வருவார். வந்து, என் மேசையில் ஒரு சொக்லேட்டை வைத்துவிட்டு, "அடுத்த வருடம் உன்னுடைய முறை" என்பார். ஐந்து சொக்லேட் தின்றேன். முறைதான் வரவில்லை.

இரண்டாவது வருடம் ஒரு பதிவில் இருந்த விடுதியின் பெயரைப் பார்த்துக் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அது என் தம்பி வேலை செய்கிற விடுதி. யாழ்ப்பாணத்திலிருந்து நான் ஒரு பக்கம் வெளிக்கிட்டு லண்டனுக்கு வந்தேன். அவன் இன்னொரு பக்கத்தால் போய் சுவிஸில் மாட்டிக்கொண்டான். இரண்டு பேரும் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, எல்லையைத் தாண்ட முடியாத கடுதாசிகளுடன் இருந்தோம். வெள்ளைக்காரரையும் அவர்களுடைய பலகைகளையும் என் தம்பியின் வாசலில் கொண்டுபோய் இறக்க என்னால் முடிந்தது. நான் போய் இறங்க முடியவில்லை. இது என்ன நியாயம் என்று நான் யாரிடம் போய்க் கேட்பது?

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பயணப் பட்டியலைக் கையால் எழுதி விடுதிக்கு ஃபாக்ஸ் அனுப்புவோம். பெயர், பலகை எத்தனை சோடி, வண்டி வந்து சேரும் நேரம், சாமான் இறக்க எத்தனை ஆள், எத்தனை நிமிடம். அதன் அடியில் தமிழில் ஒரு வரி எழுதத் தொடங்கினேன். "அம்மாவின்ரை கடிதம் வந்தது, கால் நோவு குறைவாம்." "ஏன் போன கிழமை ஃபோன் எடுக்கேல்லை, மாடு?"

ஞாயிற்றுக்கிழமை அவன் ஃபோனில் சிரிப்பான். "அக்கா, பேப்பர் பாத்தனான்."

"நீ குசினியிலை கோப்பை கழுவிக்கொண்டு நிக்கிறனீ. உன்ரை கையுக்கு எப்பிடியடா அது வருது?"

"அது வரும். நீ எழுது."

நான் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த நாட்களில்தான் மனேஜர் என்னை ஒரே ஒருமுறை பாராட்டினார். அந்த விடுதியில் சாமான் இறக்க இரண்டு ஆள், இருபத்தைந்து நிமிடம் என்று இருந்தது. சாரதிக்குத் திரும்பும் வழியில் இன்னொரு கூட்டத்தை ஏற்ற நேரம் போதவில்லை. நான் யோசித்து, சாமான் ஏற்றும் ஒழுங்கையே மாற்றி, ஆள் ஒன்று, பதினைந்து நிமிடம் என்று ஆக்கினேன். விடுதிக்காரரும் சரியென்றார்கள். "கெட்டிக்காரி" என்றார் மனேஜர். அன்று மிதப்போடு வீட்டுக்குப் போனேன்.

நான்காவது வருடம் அவருடைய கண்ணில் அந்தத் தமிழ் வரி பட்டது.

"என்ன இந்தக் கிறுக்கல்? பேனா எழுதுகிறதா என்று பார்த்தாயா?"

"அது என்னுடைய மொழி."

"வாடிக்கையாளர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இனிமேல் வேண்டாம்."

கிறுக்கலாம்! அந்த மனிதருக்கு அந்தப் பாதையில் ஒரு வளைவின் பெயர் தெரியாது. என் மொழியைப் பற்றி மட்டும் நன்றாகத் தெரியும். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று கழிப்பறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த தூஷணம் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த குளிர்காலம் என்னுடைய பயணப் பத்திரம் வந்தது. சுவிஸ் விசாவுக்கு வேலையிடத்துக் கடிதம் ஒன்று வேண்டும். கேட்டேன்.

"பெப்ரவரியிலா? நீ இல்லாமல் சனிக்கிழமைப் பயணங்களை யார் பார்ப்பது?" என்றார்.

மூன்று கிழமை கேட்டேன். மூன்று கிழமையும் பார்க்கலாம் என்றார். விசாவுக்குத் தந்த நாள் நெருங்கியது. தம்பியைப் பார்த்து ஏழு வருடம். அந்த நாளைத் தவறவிட்டால் அந்தக் குளிர்காலமும் போய்விடும். கடைசியில் கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். இவர் இங்கே வேலை செய்கிறார், பெப்ரவரியில் ஒரு கிழமை விடுமுறை, திரும்பி வருவார். அதில் ஒரு பொய் கிடையாது. சனிக்கிழமைத் திட்டங்களுக்கு நடுவில் செருகி வைத்தேன். ஐந்து வருடமாக அவர் என் திட்டங்களை வாசித்ததில்லை. டெலிபோனில் சிரித்தபடியே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார்.

விசாவும் கிடைத்தது. புறப்படுவதற்கு முதல் நாள் முழுத்திட்டத்தையும் அவருடைய மேசையில் வைத்து, "நாளைக்கு நான் இல்லை" என்றேன். துள்ளினார். "நீங்கள்தான் கையெழுத்து வைத்தீர்கள்" என்று கடிதத்தின் பிரதியைக் காட்டினேன். அந்த முகத்தைப் பார்த்த சந்தோஷம் எனக்கு ஆயுளுக்கும் போதும்.

பிறகு அந்த விடுதிக்குப் போகிற பட்டியலை எழுதினேன். தமிழ் கூடாதென்றுதானே சொன்னார்? பதினாறு பெயருக்கும் கீழே ஆங்கில எழுத்தில் பதினேழாவது பெயரை எழுதினேன்: அக்கா. பலகை, இல்லை. சப்பாத்து, இல்லை. கூட்டத்தின் தலைவியிடம் கேட்டு, வண்டியில் வெறுமனே கிடந்த இருக்கையில் எனக்கு இடம் பிடித்திருந்தேன்.

மலை அழகுதான். அதைப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. ஒவ்வொரு வளைவும் நான் எழுதிய இடத்தில் வந்தது. சங்கிலி கட்டும் இடத்தில் சங்கிலி கட்டினார்கள். எழுதிய நேரத்துக்கு விடுதி வாசலில் வண்டி நின்றது.

உள்ளேயிருந்து ஒருவன் ஓடி வந்தான். குசினி ஏப்ரன், மேலே ஒரு மெல்லிய ஜக்கெற். கையில் என்னுடைய ஃபாக்ஸ். தம்பி! என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான். நான் கையை நீட்டிக்கொண்டு போனேன். அவன் கிட்ட வரவில்லை. வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து பலகைகளை இழுக்கத் தொடங்கினான். கையுறை இல்லை. விரல் மூட்டெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் இரத்தம் காய்ந்திருந்தது.

"என்னடா இது கை? ஆரடா உன்னை இந்த வேலைக்கு விட்டது? மற்ற ஆள் எங்கை?"

"மற்ற ஆளை நிப்பாட்டி மூண்டு வருசம். சாமான் இறக்கிறது நான் ஒராள்தான். அதாலைதானே உன்ரை பேப்பர் என்ரை கையிலை வாறது." ஒரு சோடியைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னும் சிரித்தான். "கொஞ்சம் பொறு அக்கா. பதினைஞ்சு நிமிசம்தான் தந்திருக்கு. நீதானே எழுதினனீ."

நான் வண்டியின் வயிற்றுக்குள் ஏறினேன். மிச்சப் பதினைந்து சோடியையும் நானும் சேர்ந்துதான் இறக்கினேன். சாரதி மணிக்கூட்டைக் காட்டிக் கத்தினார். நான் அவரைவிடப் பெரிதாகக் கத்தினேன், தமிழில்.