மாதா வந்த செவ்வாய்க்கிழமை

போன ஆவணி மாதம், வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக்கொண்டு நின்ற என் கணவர் சவிரிமுத்தர் அப்படியே சேற்றில் சரிந்து விழுந்தார். பாரிசவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கையும் காலும் மெல்ல மெல்ல அசைந்தன. பேச்சு மட்டும் வரவில்லை.

"கதை திரும்பி வருமோ எண்டு இப்ப சொல்லேலாது அம்மா," என்றார் டொக்டர்.

சவிரிமுத்தர் பேசாமல் இருப்பார் என்று எங்கள் அச்சுவேலிப் பக்கத்தில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கோயிலில் பூசைக்கு முன் செபமாலை சொல்பவர் அவர்தான். யாராவது ஒரு சொல்லை விழுங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவார். வீட்டிலும் ஒவ்வொரு செபத்திலும் அவர் முன்பாதி சொல்ல, நான் பின்பாதி சொல்லுவேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான். முன்பாதி சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் வாயைத் திறப்பார். சத்தம் வராது. கண்ணீர்தான் வரும். செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சும்மா இருப்பேன். முன்பாதி இல்லாமல் பின்பாதியை எப்படிச் சொல்வது? மனதுக்குள் மட்டும் கேட்டேன்: "மாதாவே, இந்த மனுசன் ஒரு சொல் சொல்லட்டும். என்னை ஏசினாலும் பரவாயில்லை."

செபமாலை மாதமான ஒக்டோபர் வந்தது. மாதா சுரூபத்தை வீடு வீடாகத் தூக்கிவருவார்கள். எந்த வீட்டுக்கு வருகிறதோ, அந்த வீட்டார்தான் செபத்தைத் தொடங்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. முற்றம் நிறையச் சனம். அவரைக் கதிரையில் இருத்தியிருந்தோம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அவருடைய தங்கச்சி பாக்கியம் என்னை இடித்தாள். "என்ன மச்சாள், வாய்க்குள்ளை கொழுக்கட்டையே? தொடங்குமன்."

"எனக்கேலாது. நீர் சொல்லும்."

"மாதா உம்மடை வீட்டுக்கெல்லோ வந்திருக்கிறா. என்ரை வீட்டுக்கே வந்தவ?"

முழங்காலில் நின்றேன். "முதலாம் சந்தோஷ தேவ இரகசியம்" என்று தொடங்கிவிட்டேன். யேசுவின் வாழ்க்கையை நினைத்துச் சொல்லும் இந்த இரகசியங்கள் நாளுக்கு நாள் மாறும். திங்களும் சனியும்தான் சந்தோஷ இரகசியம். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் துக்க இரகசியம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பயத்தில் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பாவம் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவரும் திருத்தவில்லை.

எனக்குப் பின்னால் கதிரை கிறீச்சிட்டது.

"உ... உது..."

திரும்பிப் பார்த்தேன். அவருடைய முகம் சிவந்திருந்தது. கையால் கதிரைச் சட்டத்தில் அடித்தார்.

"உது திங்கள்!"

பாக்கியம் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்துக் கத்தினாள். "அண்ணை கதைச்சிட்டார்! ஐயோ அண்ணை, பிழை பிடிக்கத்தானே வாய் திறந்தனீங்கள்?"

"ஓமப்பா, பிழைதான். இண்டைக்குச் செவ்வாய்," என்றேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

துக்க இரகசியத்தோடு முதலிலிருந்து தொடங்கினேன். "அருள் நிறைந்த மரியே" என்று நான் முன்பாதியை முடித்ததும், அவர் குழறிக் குழறிப் பின்பாதியைப் பிடித்துக்கொண்டார். கூட நின்றவர்களுக்குச் செபிக்கவே முடியவில்லை. எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

மனப்பாடமான செபம் மூளையில் வேறு இடத்தில் தங்கியிருக்கும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். இருக்கட்டும். அந்த இடத்தில் அதைப் பத்திரமாக வைத்திருந்தது யார்?

இப்போது தேத்தண்ணி கேட்பார், பாக்கியத்தைப் பகிடி பண்ணுவார். நீளமாகக் கதைக்க இன்னும் கஷ்டம். அதனால் கோயிலில் செவ்வாய்க்கிழமைகளில் நான்தான் முன்பாதி சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், பத்துப் பேர் கூடினால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற நான்! ஆண்டவருக்குக் கோடி நன்றி.

உங்கள் வீட்டிலும் யாராவது மனமுடைந்து கிடந்தால், பக்கத்தில் இருந்து சத்தமாகச் செபம் சொல்லுங்கள். எனக்குத் தெரியாது, வெட்கமாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பிழை வந்தால் வரட்டும். மாதா கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா.