தண்ணீர் பிடிக்கும் நேரம்

கல்யாணமான நாலாவது மாதமே என் கணவருக்கு மலை ரயில் பாதையில் வேலை போட்டார்கள். தடம் மாற்றுவதும் கொடி காட்டுவதுமான வேலை. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பிரசவத்துக்குச் சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது திருப்பாதிரிப்புலியூர் வாடகை வீட்டில் நானும் மகளும் மட்டும்தான்.

அவர் மாதம் ஒருமுறை இரண்டு நாள் வருவார். நாங்கள் அங்கே போக முடியாது. ஸ்டேஷனுக்கு ரோடு கிடையாது. சுற்றிலும் காடு, யானை நடமாட்டம். ஒரே அறையில் நாலு ஆண்கள் தங்கியிருந்தார்கள். சாயங்காலம் போன் வரும். "மழை ஜாஸ்தியா இருக்கும்மா, லைன் போயிடும். பாப்பாகிட்ட குடு சீக்கிரம்" என்பார். பாதிப் பேச்சில் லைன் போயே போய்விடும்.

மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது அலுவலகத்துப் பெண்கள் டூர் கிளம்பினோம். எங்கே போகலாம் என்று கேட்டு முடிப்பதற்குள் நான் "ஊட்டி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து போகும்போது மலை ரயில், திரும்பும்போது வேன் என்று முடிவானது. அவருடைய ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கப் பத்து நிமிடம் வண்டி நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தில் பேச வேண்டியதை ஒரு வாரமாக மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வண்டி நின்றதும் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பிளாட்பாரத்தின் கோடியில் காக்கிச் சட்டையும் தொப்பியுமாக நின்றிருந்தவர் வேகமாக வந்தார்.

"வந்துட்டியா" என்றார்.

"ம்" என்றேன்.

மகள் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "தொப்பிய கழட்டுங்க, பயப்புடுறா" என்றேன். கழற்றியதும் எட்டிப் பார்த்து அவரிடம் தாவினாள். அதற்குள் ஒருவர் வந்து, "சார், எங்க ஃபேமிலிய ஒரு போட்டோ எடுங்களேன்" என்று போனை நீட்டினார். இவர் மறுபேச்சில்லாமல் மகளை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு படம் எடுத்துக் கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை முட்டியது.

"ரூம பாக்குறியா?" என்றார்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் நாலு எட்டில் அறை. உள்ளே நாலு கட்டில், ஒரு அடுப்பு, கொடியில் ஈரத்துணிகள். குரங்கு வராமலிருக்க ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்திருந்தார்கள். வலைக்கு அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று பள்ளத்தாக்கு. அவர் கட்டில் எது என்று கேட்கவில்லை; வீட்டில் காணாமல் போயிருந்த என் பழைய கத்தரிப்பூ நிறப் புடவை அதில் விரித்திருந்தது. போய் உட்கார்ந்தேன்.

"கொஞ்ச நேரம் படுத்துக்கறேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

"படுத்துக்க" என்றார் அவரும், வண்டி எங்களுக்காக நிற்கும் என்பது போல. தலையணையில் தலை வைத்தேன். கரிப்புகையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை. என் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டார். மகள் ஜன்னல் வலையை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

எஞ்சின் ஊதியது. அவர் எழுந்து ஓடினார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மகளோடு பின்னால் ஓடினேன்.

வண்டி நகர்ந்தபோது அவர் பச்சைக் கொடியைப் பிடித்து நின்றார். "அப்பா எனக்குக் கொடி காட்றாங்க" என்று மகள் கத்தினாள். அது டிரைவருக்குக் காட்டியது. நான் சொல்லவில்லை.

அடுத்த வருஷமே கடலூர்ப் பக்கம் மாறுதல் கிடைத்துவிட்டது. இப்போது தினமும் வீட்டுக்கு வருகிறார். சண்டை போடுகிறோம், ஒன்றாகச் சாப்பிடுகிறோம், பேசாமல் டிவி பார்க்கிறோம். குறை ஒன்றும் இல்லை. போன வாரம், "இந்த லீவுக்கு மலை ரயில்ல போலாங்க, மூணு பேரும்" என்றேன்.

"அங்கயா? அஞ்சாறு வருஷம் கெடந்தது போதாதா? பிச்சாவரத்துக்கு போயி போட்ல சுத்திட்டு வருவோம்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். அந்தக் கட்டிலில் இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருக்க வேண்டும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?