லாயத்தில் நின்ற குதிரைகள்

துபாய் கராமாவில் ஒரு டைப்பிங் சென்டரில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். விசா விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் நாங்கள் அடித்துக் கொடுப்பதுதான். நான் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. அதனால் கையெழுத்துப் பிரதிகள் என் மேசைக்கு வரும். இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு ஜெர்மன் பெண்மணி அப்படியொரு கட்டுடன் வந்தார். அவர் குடும்பத்தில் நானூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு பிரபு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கை அது. பழைய கடிதங்களைப் படித்து அவரே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். தகப்பன் நிலத்தில் தனக்கு உரிமையில்லை என்று மணநாளன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பதினோரு பிள்ளைகள், ஏழு பேரை அவளே புதைத்தாள். கணவன் இறந்ததும் அவன் தம்பி காப்பாளன் ஆனான். அவன் கடிதம் இல்லாமல் கோட்டை வாசலை அவள் தாண்ட முடியாது.

எங்கள் வீடு என்பது ஒரு அறை. பக்கத்து அறையில் ஒரு மலையாளிக் குடும்பம். சமையலறை எங்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். ஜன்னலைத் திறந்தால் எதிர் கட்டிடத்தின் ஏசி பெட்டிகள். என் மனைவிக்கு ஆங்கிலமும் தெரியாது, இந்தியும் தெரியாது. நான் டூட்டிக்குப் போனால் திரும்பும்வரை அவள் யாரோடும் பேச வழியில்லை. பொழுது போகட்டும் என்று, அன்றன்று அடித்த பக்கங்களைச் சாப்பிடும்போது தமிழில் சொல்வேன்.

“ஒங்க ராணிக்கும் கிச்சன் டைம் உண்டாங்க?” என்று கிண்டல் செய்வாள்.

“அவளுக்கு அம்பது அறை இருந்துச்சு.”

“இருந்து என்ன? வாசல் ஒண்ணுதானே.”

அந்த வருடம் அவள் விசாவைப் புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைக் குடியேற்ற அலுவலகத்தில் கொடுத்திருந்தேன். அப்போதுதான் ஊரிலிருந்து போன் வந்தது. பட்டுக்கோட்டையில் அவளுடைய அக்காவுக்குக் கல்லீரல் கெட்டுப்போய், டாக்டர் கைவிரித்துவிட்டார். தாயில்லாத இவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அந்த அக்கா. “ஒரு தடவ பாத்துட்டு வந்துடுறேங்க” என்றாள். பாஸ்போர்ட் ஸ்டாம்பிங் ஆகி வந்ததும் அனுப்புகிறேன் என்றேன்.

மறுநாளே வந்துவிட்டது. அதை என் அலுவலக மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

காரணத்தை எழுதிவிடுகிறேன். ஆறு மாதம் வெளியே இருந்தால் அவள் விசா செத்துவிடும். குடும்ப விசாவுக்கான சம்பள வரம்பைக் கூட்டியிருந்தார்கள்; எனக்குப் புதிதாக ஒன்று கிடைக்காது. அவள் போனால் திரும்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியும். பிறகு நான் ஆறு ஆண்களோடு பேச்சிலர் ரூமில் மேல்கட்டிலில் ஏற வேண்டும். அதற்காகத்தான். அவள் நன்மையென்று எதுவும் என் மனதில் இருக்கவில்லை.

“இன்னைக்காவது வந்துச்சா?” என்று தினமும் கேட்பாள். “மாஃபி, இல்ல” என்பேன், அரபிக்காரர் போலக் கையை விரித்து. முதல் நாள் சிரித்தாள்.

அதே வாரம் அடித்த பக்கத்தில், பிரபு வீட்டுப் பெண்ணின் தங்கை ஒரு கன்னிமடத்தில் சாகக் கிடந்தாள். இவள் போக அனுமதி கேட்டாள். போருக்குக் குதிரைகளைக் கொண்டுபோய்விட்டார்கள், வண்டி பூட்ட ஒன்றுகூட இல்லை என்று மைத்துனன் எழுதினான். அன்று லாயத்தில் எட்டுக் குதிரைகள் நின்றதைத் தீவனக் குறிப்பிலிருந்து ஜெர்மன் பெண்மணி கண்டுபிடித்திருந்தார். அந்தப் பத்தியைப் பிழையில்லாமல் அடித்தேன். வீட்டில் சொல்லும்போது மாற்றினேன். நிஜமாகவே குதிரை இல்லை, பாவம், அவனும் என்ன செய்வான் என்றேன்.

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். “குதிர இல்லன்னா நடந்து போவேண்டியதுதானே?”

“போர்க்காலம். பனி வேற.”

“நானா இருந்தா நடந்திருப்பேன்” என்றாள். துபாய்க்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவே கடல் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும்.

பத்தொன்பதாம் நாள் அக்கா இறந்துபோனாள். அன்று மதியமே பாஸ்போர்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். “இப்பதான் குடுத்தான்” என்றேன். அவள் அழுதுகொண்டே அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னை நல்லவன் என்று நம்பினாள்.

மறுநாள் விமான நிலைய வரிசையில் நிற்கும்போதுதான் அதைப் பிரித்துப் பார்த்தாள். விசா ஒட்டியிருந்த பக்கத்தில் அவள் விரல் நின்றது. எழுத்துகள் தெரியாவிட்டாலும் எண்கள் தெரியும். அக்காவின் உடம்பு பற்றிப் போன் வந்த தேதியை அவள் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தாள். விசா அடித்த தேதியும் அதுவேதான்.

“என்னங்க, இது எப்ப ஒங்க கைக்கு வந்துச்சு?”

குரலில் கோபமில்லை. உண்மையைச் சொல்ல அவள் எனக்கு இடம் கொடுத்தாள் என்று இப்போது புரிகிறது. முன்னால் நின்றவர் நகர்ந்தார். எனக்கு அரை நிமிடம் இருந்தது.

“நேத்துதான்” என்றேன்.

“சரிங்க” என்றாள். பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கவுண்டருக்குப் போனாள்.

ஆறு மாதம் கழிந்தது. அவள் விசாவை ரத்து செய்யும் படிவத்தை நானே அடித்தேன்.