கீறிப் பார்க்கும் அண்ணி

பெயிண்ட் கம்பெனியில் அவளுக்குக் கீறுவதுதான் வேலை. பூச்சு அடித்த தகடுகளை ஊசியால் கீறி, கீறல் சூடு பட்டதும் தானாக ஆறுகிறதா என்று பார்ப்பாள். அதனாலேயே வீட்டுக்கு எந்தப் புதுப் பொருள் வந்தாலும் அவள் கைக்கு எட்டாமல் வைத்துவிடுவார்கள்.

கொழுந்தன் ஆசை ஆசையாக வாங்கிய முதல் காருக்கு, அவள் பேச்சை நம்பித்தான் அந்தப் பூச்சை அடித்திருந்தான்.

"நிஜமாவே ஆறுமா அண்ணி? இல்ல, என் தலையில மிளகாய் அரைச்சிட்டீங்களா?"

அவள் சாவியை வாங்கி, கார் கதவில் சர்ரென்று ஒரு கோடு இழுத்தாள்.

"அடிப்பாவி!" என்று கணவன் தலையில் கை வைத்தான்.

"கத்தாம போய் வெந்நீர் கொண்டாங்க."

கெட்டிலைச் சாய்த்து நிதானமாக ஊற்றினாள். கோடு மெலிந்தது, மங்கியது, காணாமல் போனது. கதவைத் தடவித் தடவிப் பார்த்த கொழுந்தன், குஷியில் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஓங்கினான். அவள் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"மேல்பூச்சுதான் ஆறும் தம்பி. தகரம் தெரிஞ்சா அவ்வளவுதான். எவ்வளவு அழுத்தணும்னு இந்தக் கைக்குத் தெரியும்."

"அப்ப முதல்ல அந்தக் கையில இருக்கற சாவியைக் குடுங்க அண்ணி."