அந்தோணியார் ஆட்டுக்கு யார் யார் மருந்து கொடுத்தார்கள்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பஸ் வரத் தாமதமானால் அடுத்த நிறுத்தம்வரை நடந்துவிடுவேன். உலை கொதிப்பதற்குள் நாலு தரம் மூடியைத் திறந்து பார்த்துவிடுவேன். என் மகள் சின்ன வயதில் சுவரைச் சுரண்டி மண் தின்னத் தொடங்கியபோது இந்தக் குணம் முற்றிப்போனது. முகமெல்லாம் வெளுத்து, வயிறு மட்டும் தள்ளிக்கொண்டு நின்றாள். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளுடைய கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை.

"வயித்துல பூச்சிம்மா. ரத்தத்தையெல்லாம் அதுங்களே குடிச்சிடுச்சி" என்றார்.

அந்த வார்டு வாசலில் நின்றபடியேதான் வேண்டிக்கொண்டேன். பிள்ளை தேறினால் வனத்து அந்தோணியாருக்கு ஒரு கிடா விடுகிறேன் என்று. மாத்திரையிலும் டானிக்கிலும் அவள் மெல்லத் தேறினாள். நானும் சொன்னபடி ஒரு கிடாக்குட்டியை விட்டேன்.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகும் பக்கம். எங்கள் தெருவில் யாருக்கும் நிலம் கிடையாது. எல்லோருக்கும் ஆடு உண்டு. வேண்டிக்கொண்டு விடும் நேர்ச்சை ஆட்டின் கழுத்தில் பழுப்புக் கயிறு கட்டிவிட்டால் அப்புறம் அது அந்தோணியார் ஆடு. யாரும் அதைக் கட்டிப்போட மாட்டார்கள், விரட்ட மாட்டார்கள். அது வந்து தொட்டியில் வாய் வைத்தால் அந்த வீட்டுக்கு நல்லது. ஜனவரியில் அந்தோணியார் திருநாள் வரும்போது அதை அறுத்துச் சமைத்து ஊரே உட்கார்ந்து சாப்பிடும். இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. அந்தோணியார் ஆட்டுக்குச் செய்ததை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் பலன் போய்விடும்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. பொங்கல் நெருங்கியும் தரை காயவில்லை. ஈரப்புல்லை மேய்ந்து தெருவிலிருந்த ஆடெல்லாம் கழியத் தொடங்கின. ஒரு காலையில் பார்க்கிறேன், கிடாவின் தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி தொங்குகிறது. அதன் இமையை இழுத்துப் பார்த்தேன். அதே வெளுப்பு. ஆஸ்பத்திரியில் பார்த்த அதே வெளுப்பு.

திருநாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. அதற்குள் கிடா செத்தால் வேண்டுதல் என்னாவது? வேண்டுதல் போனால் பிள்ளை? ஆட்டுக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற மகளைக் கூப்பிட்டு அவளுடைய இமையையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன்.

மருந்துக் கடைக்காரர் ஆட்டுக்கு வழக்கமாகத் தரும் வெள்ளைப் பூச்சி மருந்தை எடுத்து வைத்தார்.

"அது போன தபாவே கேக்கலிங்க" என்றேன்.

"ஒரே மருந்தையே குடுத்துக்கினு இருந்தா பூச்சிக்குப் பழகிடும்மா. இந்தா, இத எடுத்துக்கினு போ. ஆனா ஒண்ணு. வெள்ளை மருந்து கொஞ்சம் கூடினாலும் ஆடு தாங்கிக்கும். இது கூடினா ஆட்டையே சாச்சிடும். எடையைப் பாத்து அளந்து குடு."

தெருவுக்கு வந்ததும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். வெள்ளை மருந்தை விடுங்கள், இதை வாங்குங்கள், ஆனால் அளவு தாண்டாதீர்கள் என்று தொண்டை வறளச் சொன்னேன். அன்றைக்கே எல்லோரும் வாங்கிவிட்டார்கள்.

ஆட்டை நிறுக்க எங்களிடம் தராசு ஏது? தூக்கிப் பார்த்து, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டையோடு ஒப்பிட்டுக்கொள்வோம். மூட்டை தூக்கிப் பழகிய கைகள், பெரிதாகத் தப்பாது. மறுநாள் காலையில் கிடாவைத் தூக்கினேன். அரை மூட்டை இருந்தது. அதற்குரிய மருந்தை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, தலையை ரொம்பத் தூக்காமல், புரையேறாதபடி கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். வாயை நக்கிக்கொண்டே அது அடுத்த வாசலுக்குப் போனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாதே!

பகலில் அடிபம்புக்குத் தண்ணீருக்குப் போனபோது பக்கத்தில் கிடா விழுந்து கிடந்தது. வாயெல்லாம் நுரை. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. எழப் பார்த்து எழப் பார்த்து முன்னங்கால் மடங்கியது.

குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி வீட்டுக்கு ஓடினேன். "அக்கா, கிடாவுக்கு மருந்து குடுத்தியா?"

"நான் இன்னாத்துக்குக் குடுக்கப் போறேன்?" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள்.

எதிர் வீட்டு அத்தையைக் கேட்டேன். "சாமி காரியத்தையெல்லாம் இப்டிக் கேக்கலாமா?" என்று எனக்கே புத்தி சொன்னாள். எல்லா வீட்டிலும் இதே கதைதான். எல்லோர் முகத்திலும் ஏதோ இருந்தது, வாய்தான் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தெரு நடுவில் நின்று கத்தினேன்.

"நான் குடுத்தேன்! காலையில மொத ஆளா நான்தான் குடுத்தேன்! என் பலன் போனா போவட்டும். ஆடு சாவுது. இன்னும் யார் யாரு குடுத்தீங்க, ஜல்தியா சொல்லுங்க!"

முதலில் ஓரகத்தி கரண்டியோடு வெளியே வந்தாள். "நானும் குடுத்தேன்டி. அளந்துதான் குடுத்தேன்." அத்தை அழுதுகொண்டே, "அரை மூட்டைக்கு இன்னா உண்டோ அதான் நானும் குடுத்தேன்" என்றாள். அப்புறம் ஒவ்வொரு வாசலாகக் குரல் வந்தது. ஒருவர்கூட அளவு தாண்டவில்லை. நான் தொண்டை வறளச் சொன்னதை அவ்வளவு ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பதா, எல்லோரையும் இழுத்துப் போட்டு அடிப்பதா என்று தெரியவில்லை.

கொழுந்தனார் சைக்கிளில் போய் மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தார். கணக்கைக் கேட்டுவிட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பையிலிருந்து ஊசி எதுவும் எடுக்கவில்லை.

"இனிமே யாரும் இதுக்கு எதுவும் குடுக்காதீங்க, புண்ணியமாப் போவும். நிழல்ல போட்டு அசைக்காம வைங்க. மருந்து எறங்கட்டும். பொழச்சா, இந்தத் திருநாளுக்கு அறுத்துடாதீங்க. இவ்ளோ மருந்து கறியில நிக்கும்."

சும்மா இருக்க வேண்டும் என்றார். என்னிடம் போய்! கோயிலுக்கும் பம்புக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையைக்கூடக் கழற்றாமல் கிடாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் முதுகில் கையை வைத்தாள். அவள் அசையவே இல்லை. பொழுது சாயும்போது கிடாவின் காது ஆடியது. பிறகு தள்ளாடி எழுந்து நின்றது. நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

திருநாளுக்கு அந்த வருஷம் சாம்பார் சாதம்தான். ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டுதல் இன்னும் ஒரு வருஷம் பாக்கி நின்றது. அந்த வருஷம் முழுக்கத் தினமும் காலையில் இரண்டு இமைகளை இழுத்துப் பார்த்தேன். முதலில் கிடாவுக்கு, அப்புறம் மகளுக்கு. அவள் யூனிஃபார்மோடு வந்து அண்ணாந்து நிற்பாள்.

அடுத்த ஜனவரியில் கிடாவை அறுத்தோம். எல்லோருக்கும் நானே பரிமாறினேன். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. "வேண்டுதல் முடிஞ்சிது, இனிமே நிம்மதியா இரு" என்றார்கள். நிம்மதி வரவில்லை. விரல் பழகிவிட்டது.

மகளை விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் கட்டிக்கொடுத்து இப்போது சில வருஷங்கள் ஆகின்றன. வரும்போதெல்லாம் பையை வாங்குவதற்கு முன்னால் என் கை அவள் கண்ணுக்குப் போகும். அவள் சலித்துக்கொள்வாள். போன தடவை பஸ்ஸிலிருந்து இறங்கியவள் பையைக் கீழே வைத்தாள். என்னைவிட உயரமாகிவிட்டாள் அல்லவா, கொஞ்சம் குனிந்து, தன் விரலாலேயே இமையை இழுத்துக் காட்டினாள்.

"பாத்துக்கோம்மா. செவப்பா இருக்குதா? வா, இப்ப சோறு போடு."