ரோதைமுனி தோற்ற வாரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டது குறைவுதான். எங்களுக்குப் பதிலாக அடித்துக்கொள்ள டிவியில் ஆட்கள் இருந்தார்கள். நெருப்புக் கக்குகிற குமாரன், மலையைப் பிடுங்கி எறிகிற அரக்கன், கண்ணாடி உடம்புப் பாம்பு என்று விதவிதமாக வருவார்கள். எல்லாருமே சிங்களத்தில்தான் பேசுவார்கள். ஆளுக்கொரு நிகழ்ச்சியில் வருகிறவர்கள் என்பதால் இவர்கள் ஒருநாளும் சந்தித்து மோதப்போவதில்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைப்பதற்கென்றே ஓப்பநாயக்க ஊருக்கு மேலே, மலையில், நாங்கள் ஏழெட்டுப் பேர் பிறந்திருந்தோம்.

சனிக்கிழமை மத்தியானக் கொழுந்தை நிறுத்து லொறியில் ஏற்றி அனுப்பியதும் மடுவம் காலியாகிவிடும். தராசு தொங்குகிற அந்தக் கொட்டகைதான் எங்கள் போர்க்களம். இருவரை மோதவிடுவோம். யார் எப்படி ஜெயிப்பார் என்று இரண்டு பக்கமும் வாதாட வேண்டும். கடைசியில் கைதூக்கச் சொல்வோம். தோற்றவர் தோற்றவர்தான், செத்தவருக்குச் சமம். புதிதாக ஒரு நியாயம் கொண்டுவந்து எல்லாரையும் மறுபடி கைதூக்க வைத்தால் மட்டுமே அவர் எழும்பி வரலாம். அப்படி யாரும் எழும்பி வந்ததில்லை.

என் ஆள் வலாகுளு குமாரி, அதாவது மேகத்து இளவரசி. விரலை நீட்டினால் மின்னல் பாயும். அவளை வைத்துக்கொண்டு நான் எல்லாரையும் துவைத்து எடுத்தேன். வாயாடி என்று எனக்குப் பட்டமே இருந்தது. குமாரன், அரக்கன், பாம்பு எல்லாம் காலி. மோத ஆளில்லாமல் கடுப்பாகிப்போன பெரியப்பா மகன், எனக்கு இரண்டு வயது மூத்தவன், ஒரு சனிக்கிழமை எழுந்து நின்று சொன்னான்.

"அப்பிடின்னா நம்ம ரோதமுனியோட மோதச் சொல்லு. பாப்போம்."

ரோதைமுனி டிவி ஆளில்லை. ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலை ஃபேக்டரியில், கொழுந்து அரைக்கிற ரோலருக்குப் பக்கத்தில் சுவரோரமாக ஒரு கல் இருக்கும். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தலையில் ஒரு செவ்வரத்தம்பூவும் வைத்திருப்பார்கள். ரோதை என்றால் சக்கரம். சக்கரத்திலும் பெல்ட்டிலும் ஆட்களின் கைகால் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அந்த முனிதான். அவரைக் கும்பிடாமல் ஸ்டோரில் எவரும் சுவிட்சில் கைவைப்பதில்லை. என் அப்பா வேலை செய்தது அந்த ரோலரில்தான்.

அந்த இடத்திலாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? முனிக்குச் சிங்களம் தெரியாது, இளவரசி திட்டினால் திருப்பித் திட்டக்கூட முடியாது என்று ஆரம்பித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. மிஷின் ஓடினால்தான் முனிக்குப் பலம், மிஷின் ஓடக் கரண்டு வேண்டும், ஒரே மின்னலில் இளவரசி கரண்டைக் கட் பண்ணிவிடுவாள், அப்புறம் முனி வெறும் கல்தானே என்று ஒரே மூச்சில் முடித்தேன். கைகள் எழும்பின. பெரியப்பா மகனே முணுமுணுத்துக்கொண்டு கைதூக்கினான். நான் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ரோலர் பெல்ட்டின் இரும்பு மூடியைக் கழற்றி வெல்டிங்குக்கு அனுப்பி ஒரு மாதமாகிறதாம். வந்தபாடில்லை. மேலே கேட்டால், கொழுந்து குவிகிற நேரம், மிஷினை நிறுத்தி மூடியை மாட்ட முடியாது, இந்த ரஷ் முடியட்டும் என்கிறார்களாம். பெல்ட் திறந்தபடியே ஓடுகிறது, அதன் அடியில் சிந்துகிற கொழுந்தை அப்பாதான் கையைவிட்டுக் கூட்டி அள்ள வேண்டும். அம்மா அப்பாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

"முனி இருக்காரு, பாத்துக்குவாரு" என்றார் அப்பா.

முனி எங்கே இருக்கிறார்? அவரைத்தான் மத்தியானமே மடுவத்தில் வைத்துத் தீர்த்துக்கட்டிவிட்டேனே!

அந்த வாரம் முழுக்க நான் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சோறு பிசையும்போது விரல்களைப் பார்ப்பேன். வேலை முடிந்து படியேறி வரும்போது முதலில் முகத்தைப் பார்க்கமாட்டேன், இரண்டு கையும் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். ஸ்டோரில் மிஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் வாசலுக்கு ஓடி வந்து பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்ட கேள்வி ஒன்றும் ஏறவில்லை. பெரியப்பா மகனிடம் போய், முனியை எழுப்பித் தாடா என்று கெஞ்சினேன். அவனுக்குப் பாவம் பார்க்கவா தெரியும்? புது நியாயம் இருந்தால் கொண்டு வா, அதுதானே சட்டம் என்று நான் போட்ட சட்டத்தை எனக்கே படித்தான். யோசித்து யோசித்துப் பார்த்தேன். இளவரசிக்காக அவ்வளவு பேசிய வாய்க்கு முனிக்காக ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பாவுக்கு மத்தியானத்துக்கு மேல் வேலை. சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியவரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விடமாட்டேன் என்று ஒரே அழுகை. என்னவோ ஏதோ என்று அவர் பதறிக் கேட்க, விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் அல்லது முதுகில் ஒன்று வைப்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. பொத்தானில் இருந்த கை அப்படியே நின்றது.

"எல்லாருமா கைதூக்குனாங்க?"

ஆமாம் என்றேன்.

அப்பா நேராக மடுவத்துக்கு வந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். தலைமயிரில் குளித்தும் போகாத தேயிலைத் தூசி படிந்த பெரிய மனுசன் ஒருவர் எங்களுக்கு நடுவில் குந்தியதும் பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. முனிக்காகத் தான் பேசப்போவதாகச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். கரண்டு போனால் மிஷின்தான் நிற்கும், முனி நிற்கமாட்டார். ஸ்டோருக்குக் கரண்டு வருவதற்கு முந்தி, ஆற்றுத் தண்ணீரில் ரோதை சுற்றிய காலத்திலேயே அவர் அங்கே இருந்தார். இதுதான் அவருடைய நியாயம்.

ஆனால் பெரியப்பா மகன் லேசுப்பட்டவனா?

"தண்ணி எங்கேருந்து வருது சித்தப்பா? மேகத்துலேருந்துதானே? அவ மழைய நிப்பாட்டிட்டா?"

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அப்பாவின் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது, ஸ்டோரில் சங்கு ஊதியும்விட்டது. அவர் எழும்பவில்லை.

"அவரு சண்ட போட வந்தவரு இல்லடா" என்றார் கடைசியில். "எங்க கையப் பாத்துக்கிறதுக்கு நிக்கிறவரு. மழை பேஞ்சாலும் நிப்பாரு, பேயாட்டியும் நிப்பாரு. சண்டைக்கே வராதவரு எப்பிடித் தோப்பாரு?"

பெரியப்பா மகனே முதலில் கைதூக்கினான். ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். அப்பா சுற்றிச் சுற்றி எல்லார் கையையும் பார்த்தார். ஓரத்தில் மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்த, பேச்சுக்கூடச் சரியாக வராத சின்னப் பயல் ஒருவன் மட்டும் பாக்கி. அவனைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்று நாங்கள் சொன்னோம். அப்பா கேட்கவில்லை. அவன் பக்கத்தில் போய்க் குந்தி, பிசுபிசுத்த அந்தக் கையைத் தன் கையால் பிடித்துத் தானே தூக்கிவிட்டார். பிறகு ஸ்டோரைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்.

எனக்கு அப்போதே உயிர் வந்துவிட்டது. முனி எழும்பிவிட்டார், இனி என்ன பயம்? அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம், அழுதவளைச் சமாதானம் செய்ய வேலைக்குப் பிந்திப்போகிற அப்பா உங்களில் யாருக்கு இருக்கிறார் என்று பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டேன். எனக்காகத்தான் வந்தார் என்று அத்தனை நிச்சயமாக இருந்தேன்.